ஆறுமணிக் குருவியைப் பார்ப்பது எப்படி? முதல் தடவை தேடுபவர்களுக்கு

குமுளிப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஆறுமணிக் குருவியின் சத்தம் பலருக்கும் தெரியும். பார்த்திருக்கிறீர்களா என்றால் யோசிப்பார்கள். மலையாளத்தில் இதற்குக் காவி என்று பெயர்.

1. மாதம்

மழைக்காலத்தில் இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத்தான் நம் பக்கம் வருகிறது. அக்டோபரில் ஆரம்பித்து ஏப்ரல் வரை தேடலாம். ஜூனில் வந்து தேடினால் அட்டைக்கடிதான் மிச்சம்.

2. நேரம்

காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் கூப்பிடுவதால் வந்த பெயர். ஆனால் கடிகாரத்தை நம்பாதீர்கள், வெளிச்சத்தை நம்புங்கள். ஜனவரியில் குமுளியில் சூரியன் எழவே 6.40 ஆகிவிடும். விடிந்தும் விடியாத அந்த அரை இருட்டில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். இரண்டு சுரத்தில் ஒரு விசில்: முதலில் ஏறும், அடுத்தது இறங்கும். ஒன்று கூப்பிட்டால் அடுத்த தோட்டத்திலிருந்து இன்னொன்று பதில் கொடுக்கும். குளிர்காலத்தில் ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் இடம் வைத்துக்கொள்ளும், அதனால் இன்று கேட்ட இடத்திலேயே நாளையும் தேடலாம்.

3. உட்காருங்கள்

இதுதான் முக்கியம். சத்தம் வந்த பக்கம் நடந்தால் வேலைக்கு ஆகாது. நிழல் மரத்தடியில் சருகு கனமாகக் கிடக்கும் இடமாகப் பார்த்து, தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டு, இருபது நிமிடம் அசையாமல் இருங்கள். யானை நடமாட்டம் உள்ள இடமென்றால் மாலையில் வேண்டாம். போனில் அதன் குரலை ஓடவிட்டுக் கூப்பிடுவதும் வேண்டாம். நான் ஆரம்பத்தில் அப்படிச் செய்தேன். வந்த குருவியும் போய்விட்டது.

சரி, சருகு சரசரக்கிறது. கூட்டமாகக் கத்திக்கொண்டு கிளறினால் அது தவிட்டுக்குருவி. தனியாக, இரண்டு தத்தல், ஒரு நிறுத்தம், அலகால் ஓர் இலையைப் புரட்டி ஒரு புழு, மறுபடி தத்தல் என்றால் கண்ணை எடுக்காதீர்கள்.

4. அடையாளம்

மைனாவை விடச் சிறிது. வால் இருக்கிறதா என்று சந்தேகம் வரும், அத்தனை குட்டை. அதையும் மெதுவாக மேலும் கீழும் ஆட்டும். கண் வழியாகப் பிடரிவரை கறுப்புப் பட்டை, வெள்ளைத் தொண்டை, பச்சை முதுகு, சந்தன நிற வயிறு, சிறகில் ஒரு நீலத் திட்டு. வாலடியில் குங்குமச் சிவப்பு. இத்தனை நிறம் இருந்தும் நிழலில் சருகோடு சருகாகிவிடும். செந்தலைப் பூங்குருவியும் இதே மாதிரி இலை புரட்டும். உச்சந்தலையும் மார்பும் ஆரஞ்சாக இருந்தால் அது பூங்குருவி.

லின்னேயஸ் 1766இல் இதைக் காக்கை இனத்தில் சேர்த்துப் பெயர் வைத்தார். எதைப் பார்த்து அப்படித் தோன்றியதோ!

5. வீட்டுக்குள் விழுந்தால்

இரவில் வலசை வரும்போது விளக்கு வெளிச்சத்தில் தடுமாறிச் சுவரிலோ கண்ணாடியிலோ மோதும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். காற்றுத் துளையுள்ள அட்டைப்பெட்டியில் துணி விரித்து, மூடி, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

போன அக்டோபரில் பக்கத்து வீட்டு அக்கா விடியற்காலையில் முந்தானையில் ஒன்றை ஏந்தி வந்தார். எட்டு மணிக்குப் பெட்டியைத் திறந்தோம். விளிம்பில் ஏறி நின்று, வாலை இரண்டு தடவை ஆட்டிவிட்டு, ஏலச்செடிக்குள் தத்திப் போய்விட்டது.

"இதுவா தம்பி தினமும் விசிலடிக்கிறது?" என்றார் அக்கா. பதினைந்து வருடமாகத் தோட்ட வேலைக்குப் போகிறவர்.