வெளிமூச்சை அளந்து ஆஸ்துமாவைக் கவனிப்பது எப்படி? முதல்முறை அளப்பவர்களுக்கு

ஆஸ்துமா தாக்குதல் என்றால் இழுப்புச் சத்தம்தான் நினைவுக்கு வரும். பல நேரங்களில் அந்தச் சத்தத்துக்கு முன்பே மூச்சுக்குழாய்க்குள் அழற்சி தொடங்கிவிடுகிறது. ஒவ்வாமை வகை அழற்சியில் குழாயின் உட்சுவர்ச் செல்கள் நைட்ரிக் ஆக்சைடு வாயுவை அதிகமாக உண்டாக்கும். ஆஸ்துமா உள்ளவர்களின் வெளிமூச்சில் இது கூடுதலாக இருப்பதை 1993-இல் சுவீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். இதை அளக்கும் ஃபீனோ சோதனையில் தொடங்குவதுதான் எளிது.

படி 1: நல்ல நாளில் அளந்து வையுங்கள்

தொந்தரவு இல்லாத நாட்களில் சில முறை அளந்தால்தான் அந்த நபரின் வழக்கமான அளவு பிடிபடும். அது இல்லாமல் தாக்குதலின்போது வரும் எண்ணை எதோடு ஒப்பிடுவது? மூச்சுத்திணறல் கடுமையாக இருந்தால் கருவியைத் தொடவே வேண்டாம், சிகிச்சைதான் முதலில்.

படி 2: அளப்பதற்கு முன்

ஒரு மணி நேரம் சாப்பாடு, பானம், புகை, உடற்பயிற்சி கூடாது. கீரை, பீட்ரூட் போன்ற நைட்ரேட் மிகுந்த உணவு எண்ணை ஏற்றிவிடும், புகைப்பழக்கம் இறக்கிவிடும். ஸ்பைரோமெட்ரியும் (எவ்வளவு காற்றை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று அளக்கும் சோதனை) செய்வதாக இருந்தால் ஃபீனோவை முதலில் முடித்துவிடுங்கள்.

படி 3: ஊதுவது

சொதப்பல் பெரும்பாலும் இங்கேதான். நோயாளியை நேராக உட்காரச் சொல்லுங்கள். கருவியின் வடிகட்டி வழியாகவே வாயால் நுரையீரல் நிறைய மூச்சை இழுத்து, அடக்கி வைக்காமல் உடனே ஊத வேண்டும். வேகம் நொடிக்கு 50 மில்லிலிட்டர், பெரியவர்களுக்கு 10 நொடி. மெதுவாக ஊதினால் காற்று குழாய்ச் சுவரோடு அதிக நேரம் இருந்து கூடுதல் வாயுவை அள்ளிவரும், எண் பொய்யாக ஏறும். வேகமாக ஊதினால் நேர்மாறு. ஊதும்போது கருவி கொஞ்சம் எதிர்த்துத் தள்ளுவது பழுதல்ல. அந்த அழுத்தத்தில்தான் மெல்லண்ணம், அதாவது வாயின் மேற்கூரையில் பின்பக்கம் உள்ள மென்பகுதி, மேலே போய் மூக்கை அடைக்கும். மூக்கிலும் சைனஸிலும் இந்த வாயு மிக அதிகம், அது கலந்தால் அளவீடே வீண். மூக்குக் கிளிப் போட வேண்டியதில்லை.

படி 4: எண்ணைப் படிப்பது

அலகு பிபிபி, அதாவது நூறு கோடியில் ஒரு பங்கு. அமெரிக்கத் தொராசிக் சங்கத்தின் 2011 வழிகாட்டுதல்படி பெரியவர்களுக்கு 25-க்குக் கீழ் குறைவு, 50-க்கு மேல் அதிகம். குழந்தைகளுக்கு இவை 20, 35. இடைப்பட்ட எண்ணை நோயாளியின் நிலையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் ஒற்றை எண்ணைவிட ஒரே ஆளின் ஏற்ற இறக்கமே பேசும். முந்தைய எண் 50-க்கு மேல் இருந்தால் 20 சதவீதத்துக்கு மேற்பட்ட மாற்றம், அதற்குக் கீழ் என்றால் 10 பிபிபிக்கு மேற்பட்ட மாற்றம் கவனிக்கத்தக்கது. ஸ்டீராய்டு இன்ஹேலரை விட்டுவிட்டவர்களிடம் எண் பெரும்பாலும் ஏறும். ஒவ்வாமை சாராத ஆஸ்துமாவில் தாக்குதலே வந்தாலும் ஏறாமல் இருக்கலாம். அதனால் எண் குறைவு என்பதற்காக மருந்தை நிறுத்தக் கூடாது.

படி 5: அடுத்த கட்டம்

ஃபீனோ ஒரே ஒரு வாயுவைத்தான் அளக்கிறது. அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங் 1971-இலேயே மூச்சில் சுமார் 250 சேர்மங்களைக் காட்டியிருந்தார். எளிதில் ஆவியாகும் அந்தச் சேர்மங்களை ஆராய, மூச்சைப் பையில் பிடித்து வாயு நிறப்பகுப்பி (கலவையிலுள்ள சேர்மங்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் கருவி) கொண்டு பிரிக்கிறார்கள். ஊதலின் முதல் பகுதி வாய், தொண்டைக் காற்று. அதை வெளியே விட்டுவிட்டுப் பிறகு பிடியுங்கள். கூடவே அறைக் காற்றையும் தனிப் பையில் எடுத்து வையுங்கள். தரை துடைத்த திரவத்தின் வாசனைகூட நோயாளியின் கணக்கில் சேர்ந்துவிடும்.