காமிக்ஸ் ஒரிஜினல் ஆர்ட் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022 ஜனவரியில் டல்லாஸ் நகரத்து ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தில் ஒரே ஒரு காமிக்ஸ் பக்கம் 33.6 லட்சம் டாலருக்குப் போனது. 1984இல் வந்த 'சீக்ரெட் வார்ஸ்' எட்டாம் இதழின் 25ஆம் பக்கம் அது. மைக் ஸெக் வரைந்தது. ஸ்பைடர்மேனின் கறுப்பு உடை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லும் பக்கம். அந்தச் செய்தியைப் படித்த நம் ஊர் காமிக்ஸ் வாசகர்கள் பலர், ஓவியர் கைப்பட வரைந்த பக்கம் நமக்கெல்லாம் எட்டாக்கனி என்று நினைத்துவிட்டார்கள். அது உண்மையில்லை. அதிகம் பேசப்படாத ஓவியர்களின் உட்பக்கங்கள் இன்றும் நூறு, இருநூறு டாலருக்குள் கிடைக்கின்றன. பேனா பதிந்த அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பார்க்கும் மகிழ்ச்சிக்கு ஈடே இல்லை. ஆகவே வாங்குங்கள். ஆனால் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குங்கள்.

அந்த ஏலச் செய்தி செய்த இன்னொரு கெடுதல், ஒரிஜினல் ஆர்ட்டை முதலீடாகப் பார்க்க வைத்தது. ஹெர்ப் டிரிம்ப் வரைந்த 'ஹல்க்' 180ஆம் இதழின் கடைசிப் பக்கத்தில்தான் வுல்வரின் முதன்முதலில் தலைகாட்டுகிறான். டிரிம்ப் அதை 1983இல் ஒரு இளம் வாசகருக்குச் சும்மா கொடுத்தார். 2014இல் அது 6,57,250 டாலருக்கு விற்றது. இதையெல்லாம் கேட்டுவிட்டுக் கையிலிருக்கும் பணத்தைப் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: ஒரு புகழ்பெற்ற பாத்திரம் முதன்முதலில் தோன்றும் பக்கம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். மற்றப் பக்கங்களை வாங்கும்போது ஏலத் தொகைக்கு மேல் நிறுவனத்துக்கு இருபது சதவீதமோ அதற்கு மேலோ தனியாகக் கட்ட வேண்டியிருக்கும். விற்கும்போதும் கழிவு போகும். நடுவில் விலை நன்றாக ஏறியிருந்தால்தான் போட்ட பணம் திரும்பும். பிடித்த கதை, பிடித்த ஓவியர், பிடித்த பக்கம் என்பதற்காக வாங்கினால் விலை எப்படிப் போனாலும் நஷ்டமில்லை.

யார் கை பட்ட தாள்?

புதிதாக வாங்குவோர் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான். யாரும் மோசடி செய்யாமலே ஏமாறுகிறார்கள்.

அமெரிக்க முறையில் ஒரு பக்கத்தைப் பென்சிலில் வரைபவர் (பென்சிலர்) ஒருவர், அதன்மேல் மை தீட்டுபவர் (இங்கர்) இன்னொருவர். ஜாக் கிர்பி பென்சிலில் வரைந்த 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' பக்கங்கள் பலவற்றில் நம் கண்ணுக்குத் தெரியும் கோடு ஜோ சின்னாட்டின் மை. கிர்பியின் பென்சில் அதற்கு அடியில் இருக்கிறது, பாதி அழிக்கப்பட்டிருக்கிறது. இருவர் கையும் ஒரே தாளில் பட்டிருக்கிறது. அந்தக் காலத்தில் பெரும்பாலும் அப்படித்தான்.

ஸ்கேனரும் இணையமும் வந்தபின் இது மாறிவிட்டது. பென்சிலர் வரைந்ததை ஸ்கேன் செய்து அனுப்புகிறார். இங்கர் அதை வேறொரு அட்டையில் வெளிர்நீலத்தில் அச்செடுத்து, அதன்மேல் மை தீட்டுகிறார். இதைத்தான் ப்ளூலைன் என்கிறார்கள். ஆக, அச்சில் வந்த ஒரே பக்கத்துக்கு இரண்டு ஒரிஜினல்கள். பென்சிலர் வீட்டில் ஒன்று, இங்கர் வீட்டில் ஒன்று. இங்கரிடமிருந்து வரும் அட்டையில் பென்சிலரின் கை ஒரு இடத்தில்கூடப் பட்டிருக்காது. விற்பனைப் பக்கத்தில் இரண்டு பெயரும் இருக்கும், இரண்டும் சரியான பெயர்தான். நாம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "பென்சிலும் மையும் ஒரே தாளிலா, ப்ளூலைன் மேல் மையா?" ப்ளூலைன் பக்கம் போலியல்ல. மை தீட்டுவது தனிக் கலை, அதற்காகவே தேடி வாங்குவோர் உண்டு. ஆனால் அதன் விலை வேறு. பென்சிலரின் பெயருக்கான விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது.

இன்னும் ஒரு படி மேலே போய், இன்றைய ஓவியர்கள் பலர் முழுக்கத் திரையிலேயே வரைகிறார்கள். அந்தப் பக்கத்துக்குத் தாளே கிடையாது. கையெழுத்துப் போட்ட ஒரு பிரதியை 'ஒன்றே ஒன்று' என்று விற்றாலும் அது அச்சுதான். அழகாக இருந்தால் அச்சுக்குரிய விலையில் வாங்கலாம்.

வசன பலூன்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2000க்குப் பிந்திய அமெரிக்கப் பக்கங்களில் எழுத்துகளைப் பெரும்பாலும் கணினியில்தான் சேர்க்கிறார்கள். எனவே வசனமில்லாத பக்கத்தைக் குறைபட்டதாக எண்ண வேண்டாம். அதுவே 1960களின் மார்வெல் பக்கத்தில் எழுத்து இல்லையென்றால் ஏன் என்று கேட்க வேண்டும்.

போலியும் களவும்

போலி செய்பவர் பெரும்பாலும் அச்சிட்ட புத்தகத்தைப் பார்த்து நகலெடுக்கிறார். அதனால் அச்சில் தெரியாத விஷயங்கள் அவரிடம் இருப்பதில்லை. அசல் பக்கத்தில் மைக்கு அடியில் பென்சில் தடம் இருக்கும். நீலப் பென்சில் குறிப்புகள், வெள்ளை மை பூசித் திருத்திய இடங்கள், ஓரத்தில் பக்க எண், ஆசிரியர் குறிப்பு, அந்தக் காலப் பக்கமானால் பின்புறத்தில் முத்திரை என்று ஏதேனும் இருக்கும். தாளின் முன்புறம், பின்புறம் இரண்டையும் பெரிதாக ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லுங்கள். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து எடுத்த படமும் கேளுங்கள், தாளின் மேடுபள்ளம் அதில் தெரியும். தயங்குகிற விற்பனையாளரை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

தாளின் அளவும் சாட்சி சொல்லும். 1967 வாக்கில் அமெரிக்கப் பதிப்பாளர்கள் ஓவியத் தாளைச் சிறிதாக்கினார்கள். அதற்கு முன் வரைபரப்பே சுமார் 12க்கு 18 அங்குலம் இருந்தது. பின்னர் 10க்கு 15 ஆனது, அட்டை 11க்கு 17. ஆகவே 1964இல் வந்த கதையின் பக்கம் 11க்கு 17 அட்டையில் வந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

தொடக்கத்தில் அச்சில் வந்த பக்கங்களை மட்டும் வாங்குவது நல்லது. புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக் கோடுகோடாக ஒப்பிடலாம். 'அவர் கைப்பட வரைந்த சின்ன ஸ்கெட்ச்' என்று வருவதில்தான் போலி மலிந்திருக்கிறது, ஏனென்றால் ஒப்பிட எதுவும் இல்லை. ஸ்னூபி என்ற நாயைப் படைத்த சார்லஸ் ஷுல்ஸின் பெயரில் உலவும் ஸ்னூபி கோட்டோவியங்கள் இதற்குப் பேர்போனவை.

இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. பெரிய பதிப்பு நிறுவனங்களான மார்வெலும் டிசியும் ஓவியர்களுக்குப் பக்கங்களைத் திருப்பித் தரத் தொடங்கியதே 1970களின் நடுவில்தான். அதற்கு முன் வரைந்தவை கிடங்குகளில் கிடந்தன, பல காணாமல் போயின. ஆயிரமாயிரம் பக்கங்கள் வரைந்த கிர்பிக்கு, நீண்ட போராட்டத்துக்குப் பின் 1987இல் சுமார் 2,000 பக்கங்கள்தான் திரும்பக் கிடைத்தன. மற்றவை யார் யார் கையிலோ. எனவே 1960களின் பக்கம் ஒன்று கைக்கு வரும்போது அது எந்த வழியாக வந்தது என்று கேட்பது வரைந்தவருக்கு நாம் செய்யும் மரியாதை. ஸ்பைடர்மேனின் முதல் கதை உட்பட 'அமேசிங் ஃபேன்டஸி' 15ஆம் இதழுக்காக ஸ்டீவ் டிட்கோ வரைந்த 24 பக்கங்களையும் ஒருவர் பெயர் சொல்லாமல் 2008இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார். அப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

நம் வாசகர்கள் முதலில் தேடுவது இரும்புக்கை மாயாவியை. 1962இல் பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழில் தொடங்கிய தொடர் அது, வரைந்தவர் ஸ்பெயினின் ஹெசூஸ் பிளாஸ்கோ. அன்றைய பிரிட்டிஷ் பதிப்பாளர்கள் ஓவியத்தைத் தங்கள் சொத்தாகவே வைத்துக்கொண்டார்கள். அதனால் அந்தப் பக்கங்கள் வெளியே வரும்போது அவசரப்படாமல் வந்த வழியை விசாரியுங்கள். டெக்ஸ் வில்லர் ரசிகர்களுக்கு வழி எளிது. டெக்ஸ் கதைகளை வெளியிடும், இத்தாலியின் மிலான் நகரத்துப் பொனெல்லி நிறுவனத்துக்கு வரையும் இன்றைய ஓவியர்களிடமோ அவர்களின் முகவர்களிடமோ நேராகவே வாங்கலாம். ஆண்டுதோறும் இலையுதிர்காலத்தில் நடக்கும் லூக்கா காமிக்ஸ் விழா அதற்கு நல்ல இடம்.

வரைந்து தரச் சொல்லும்போது

கமிஷன், அதாவது காசு கொடுத்து நமக்கென்று ஒரு படம் வரையச் சொல்வது, ஒரு ஓவியரின் நேரத்தை வாங்குவது. அதை மறந்தால் வருகிற சிக்கல்கள்தான் மிச்சமெல்லாம்.

முதல் தவறு, ஆள் தெரிவில் நடக்கிறது. பெயரைப் பார்த்து ஆளைப் பிடித்துவிட்டு, அவர் இதுவரை வரையாத ஒன்றைக் கேட்கிறார்கள். குதிரையும் புழுதியும் வரைவதில் கைதேர்ந்தவரிடம் விண்கலம் கேட்பது, இருளும் நிழலுமாக வரைபவரிடம் பளிச்சென்ற கூட்டக் காட்சி கேட்பது. இன்னொருவர் பாணியில் வரைந்து தரச் சொல்வது இதைவிட மோசம், அவமதிப்பும்கூட. அவர் வரைந்த பழைய பக்கங்களை நிதானமாகப் புரட்டிப் பாருங்கள். எதை வரையும்போது அவர் கை துள்ளுகிறது என்று தெரியும். அதைக் கேளுங்கள்.

இரண்டாவது, சொல்வதில் அளவு தெரியாமை. "ஏதாவது நல்லதா வரைஞ்சு குடுங்க சார்" என்று விட்டுவிட்டுப் பிறகு "நான் இதை எதிர்பார்க்கலையே" என்பார்கள். அல்லது விரல் மடங்கும் கோணம் வரை எழுதி, இருபது மாதிரிப் படங்களை இணைத்து அனுப்புவார்கள். எந்தப் பாத்திரம், எந்தக் காலத்து உடை, என்ன மனநிலை, இவற்றைச் சொன்னால் போதும். உடைக்கு ஒன்றிரண்டு படம் அனுப்பலாம். அமைப்பை அவரிடம் விடுங்கள். அவர் கண்ணுக்காகத்தானே காசு கொடுக்கிறோம்.

ஆனால் கணக்கான விஷயங்களில் வாய்ப்பேச்சு கூடாது. தாளின் அளவு, பென்சிலா மையா வண்ணமா, எத்தனை உருவங்கள், மார்பளவா முழு உருவமா, பின்னணி உண்டா, மையை அவரே தீட்டுவாரா, முன்பணம் எவ்வளவு, அனுப்பும் செலவு யாருடையது, சுமாராக எப்போது முடியும் என்பதையெல்லாம் ஒரே மின்னஞ்சலில் எழுதி, "சரி" என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் பென்சில் வடிவத்தைக் காட்டுவாரா என்றும் கேளுங்கள். மாற்றம் சொல்ல வேண்டிய நேரம் அதுதான். மை தீட்டியபின் "கை கொஞ்சம் தூக்கியிருந்தா நல்லாயிருக்கும்" என்பது மறுபடி ஒரு படம் கேட்பதற்குச் சமம்.

பேரம் பேசாதீர்கள். கையிருப்பு குறைவென்றால் கேட்பதைக் குறையுங்கள்: முழு உருவத்துக்குப் பதில் முகம், வண்ணத்துக்குப் பதில் மை. அதேபோல, வாரத்துக்கு ஒரு முறை "ஆச்சா?" என்று கேட்காதீர்கள். அவருக்கு மாத இதழின் பக்கங்கள் முதலில், நம் படம் அதற்கிடையில். சொன்ன தேதி தாண்டினால் மரியாதையாக ஒரு வரி எழுதலாம். முன்பணம் வாங்கிவிட்டு மாதக்கணக்கில் பதிலே இல்லாதவர்களும் உண்டு. அதனால்தான் முழுத் தொகையையும் முதலிலேயே கொடுக்கக் கூடாது, பேபாலில் 'நண்பர்கள், குடும்பம்' வழியாக அனுப்பவும் கூடாது. அந்த வழியில் போன பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது.

சென்னையிலும் 2024 முதல் காமிக் கான் நடக்கிறது. விழாக்களில் படம் கேட்பதென்றால் முதல் நாள் காலையிலேயே போய்ப் பெயர் கொடுங்கள். உங்கள் பெயரைப் படத்தில் எழுதினால் பின்னால் விலை குறையுமே என்று கவலைப்பட்டு அதை வேண்டாமென்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு ஓவியர் விரும்பி நம் பெயரை எழுதித் தருவது பெரிய கொடுப்பினை.

தாள் உங்களுடையது என்பதால் படத்தை அச்சிட்டு விற்கும் உரிமையும் உங்களுடையதாகிவிடாது. பேட்மேன் டிசிக்குச் சொந்தம், டெக்ஸ் பொனெல்லிக்குச் சொந்தம். டீ-ஷர்ட், குவளை யோசனைகளை விட்டுவிடுங்கள்.

வந்து சேர்வதும் வைத்துக்கொள்வதும்

சுருட்டிக் குழாயில் வைத்து அனுப்பச் சொல்லாதீர்கள். வெள்ளை மை உதிரும், ஒட்டிய தாள் பெயரும். இரண்டு உறுதியான அட்டைகளுக்கு நடுவே தட்டையாக வர வேண்டும். சுங்கவரிக்குப் பயந்து "பரிசு" என்றோ பத்து டாலர் என்றோ எழுதச் சொல்லாதீர்கள். அது பொய், மேலும் பொதி தொலைந்தால் காப்பீடு அந்தப் பத்து டாலருக்குத்தான். கையால் வரைந்த ஓவியங்களுக்கு 9701 என்று தனிச் சுங்கத் தலைப்பே இருக்கிறது, அதைக் குறிப்பிடச் சொல்லுங்கள்.

ஏ3 கோப்புறை வாங்கி வைத்துக்கொண்டு காத்திருப்பவர்களுக்கு: அமெரிக்கப் பக்கத்தின் நீளம் 432 மில்லிமீட்டர், ஏ3 தாளோ 420தான். உள்ளே போகாது. ஓரத்தை வெட்டிவிடலாம் என்ற எண்ணம் கனவிலும் வரக் கூடாது.

லேமினேஷன் செய்தால் பக்கம் போயிற்று, மீட்கவே முடியாது. சட்டம் போடும் கடைகளில் படத்தைப் பசையால் அட்டையிலோ ஒட்டுப்பலகையிலோ ஒட்டிவிடும் பழக்கம் இருக்கிறது. கொடுப்பதற்கு முன்பே ஒட்டக் கூடாது என்று சொல்லி, கூடவே நின்று செய்து வாங்குங்கள். அமிலமில்லாத அட்டை வேண்டும், கண்ணாடி தாளில் படாமல் இடைவெளி வேண்டும். கரி மை வெளிச்சத்தைத் தாங்கும், மார்க்கர் வண்ணம் தாங்காது. வெயில் படும் சுவரில் மாட்டிய மார்க்கர் படம் சில ஆண்டுகளில் வெளுத்துவிடும். மழைக்காலத்தில் ஓதம் காக்கும் வெளிச்சுவரும் ஆகாது. உள்ளே வைப்பதானால் பிவிசி உறை வேண்டாம், அது மையோடு ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு தட்டையாக அடுக்குங்கள். ராமபாணப் பூச்சி வருகிறதா என்று அவ்வப்போது திறந்து பாருங்கள்.

மஞ்சளடித்த வெள்ளை மையையும் நீலக் கோட்டையும் அழுக்கென்று எண்ணி அழிரப்பரை எடுக்காதீர்கள். அந்தப் பக்கம் அசல் என்பதற்கு அவைதான் சான்று.

ஒவ்வொரு பக்கத்துக்கும் ரசீதையும் ஓவியரோடு நடந்த கடிதப் போக்குவரத்தையும் அச்செடுத்துத் தனியாகக் கோப்பில் வையுங்கள். பக்கத்தின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் எழுதாதீர்கள், முன்புறம் பதிந்துவிடும். அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, இந்தத் தாள்கள் என்ன என்பதை வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள். பரணைச் சுத்தம் செய்யும் நாளில் நீங்கள் வீட்டில் இல்லாமல் போகலாம்.