வீட்டுக்குள் டான்ஸ் மேட்: ஸ்டெப்மேனியாவை அமைத்து ஆடுவது எப்படி

தண்டையார்பேட்டையில் எங்கள் வீடு முதல் மாடி, முன்னறை பத்துக்குப் பத்து. தினமும் அரை மணி நேரம் நடங்கள் என்று டாக்டர் எனக்கும் அம்மாவுக்கும் சேர்த்தே சொல்லிவிட்டார். விடிந்தால் துறைமுகம் போகிற கண்டெய்னர் லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும், அந்தப் புழுதியில் எங்கே நடப்பது? அப்படித்தான் டான்ஸ் மேட் வாங்கினேன்; அம்புக்குறிக் கட்டங்கள் போட்ட விரிப்பு அது, மிதித்தால் கம்ப்யூட்டருக்குத் தெரியும். ஆறு மாதமாக இருவரும் ஆடுகிறோம்.

கொனாமி என்ற நிறுவனம் 1998-ல் ஜப்பானில் கொண்டுவந்த டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் விளையாட்டின் முறைதான் இது. திரையில் அம்புகள் மேலே ஏறி வரும், மேலே நிற்கும் அம்போடு சேருகிற நொடியில் காலடியில் உள்ள அதே திசைக் கட்டத்தை மிதிக்க வேண்டும். ஜஸ்ட் டான்ஸ் என்ற இன்னொரு டான்ஸ் விளையாட்டையும் ஆடிப் பார்த்தேன். போனைக் கையில் பிடித்து ஆடினால் அந்தக் கையின் அசைவுக்குத்தான் மதிப்பெண், கால் சும்மா நின்றாலும் அதற்குத் தெரியாது. உடற்பயிற்சிதான் வேண்டும் என்றால் என் ஓட்டு மேட்டுக்கே.

தேவையானவை: பழைய லேப்டாப், டிவி, எச்டிஎம்ஐ கேபிள், யுஎஸ்பி டான்ஸ் மேட், ஸ்டெப்மேனியா. கடைசியாகச் சொன்னது இந்த அம்பு விளையாட்டை லேப்டாப்பில் ஓட்டுகிற இலவச மென்பொருள். அதை நிறுவி, மேட்டைச் செருகி, ஆப்ஷன்ஸில் கீ ஜாய் மேப்பிங்ஸ் பகுதிக்குப் போய் நாலு அம்புகளுக்கும் நாலு கட்டங்களை ஒவ்வொன்றாக மிதித்துக் காட்டுங்கள்.

பாட்டுகளைத் தனியாக இறக்க வேண்டும். சாங்ஸ் ஃபோல்டருக்குள் ஒரு தொகுப்பு ஃபோல்டர், அதற்குள்தான் பாட்டின் ஃபோல்டர். நேராக சாங்ஸுக்குள் போட்டால் பட்டியலில் வராது.

மேட்டை டைல்ஸில் அப்படியே விரித்தால் இரண்டாவது பாட்டிலேயே நகர்ந்துவிடும். அடியில் குழந்தைகள் விளையாடும் நுரைப் பாயைப் போட்டு, மேட்டின் நாலு ஓரமும் இருபக்க டேப்பால் ஒட்டுங்கள். கீழ்வீட்டுக்குப் போகிற சத்தமும் குறையும். மெத்தை வேண்டவே வேண்டாம், கணுக்கால் மடங்கும்.

இனி என்னை ஒரு வாரம் படுத்தின விஷயம். சரியாக மிதித்தும் மிஸ், மிஸ் என்றே வந்தது. கால்தான் மெதுவாக இருக்கிறது என்று நினைத்து இன்னும் வேகமாகக் குதித்தேன், முழங்கால் வலித்ததுதான் மிச்சம். காரணம் டிவி. படத்தை மெருகேற்றிக் காட்டுவதற்காக அது எடுத்துக்கொள்கிற நேரத்தில் அம்பு தாமதமாகத் தெரிகிறது. முதலில் டிவியின் பிக்சர் செட்டிங்கில் கேம் மோடைப் போடுங்கள். புளூடூத் ஸ்பீக்கரைக் கழற்றிவிடுங்கள், அது சத்தத்தையும் தாமதமாக்கும். அப்புறம் ஒரு எளிய பாட்டை ஓடவிட்டு, ஆட்டோசிங்க் மெஷின் என்று திரையில் வரும்வரை எஃப்6 பட்டனைத் தட்டுங்கள். இப்போது அம்பைப் பார்க்காதீர்கள், காதில் விழுகிற தாளத்துக்கு மட்டும் மிதியுங்கள். உங்கள் மிதிக்கும் பாட்டுக்கும் உள்ள இடைவெளியை அதுவே கணக்கிட்டுச் சரிசெய்யும், முடிவில் சேமிக்கவா என்று கேட்கும், ஆமாம் என்று சொல்லுங்கள். மறுபடி ஆடியபோது என் காலில் ஒரு குறையும் இல்லை என்று தெரிந்தது, அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆடும்போது ஒவ்வொரு மிதிக்கும் காலை நடுவுக்குக் கொண்டுவராதீர்கள். மிதித்த கட்டத்திலேயே கால் நிற்கட்டும், அடுத்த அம்பு அடுத்த காலுக்கு. இது பழகிவிட்டால் மூச்சு வாங்குவது பாதியாகக் குறையும். வெறுங்காலோடு ஆடுங்கள், சாக்ஸ் வழுக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் பத்து நிமிடத்திலேயே வியர்வை தரையில் சொட்டும், பக்கத்தில் ஒரு துணியும் ஒரு சொம்பு மோரும் இருக்கட்டும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு. ஐந்து நாள், நாளுக்கு அரை மணி என்று நாங்கள் வைத்துக்கொண்டோம்.

கானா பாட்டுக்கு ஆட வேண்டுமா? எந்தத் தாளத்தில் எந்த அம்பு வர வேண்டும் என்று நீங்களே அமைக்கலாம். ஸ்டெப்மேனியாவிலேயே அதற்கு எடிட்டர் உண்டு, ஆனால் எனக்கு ஆரோவோர்டெக்ஸ் என்ற தனி எடிட்டர்தான் பிடிக்கும், பாட்டின் வேகத்தை அதுவே கண்டுபிடித்துத் தரும்.

பின்சேர்க்கை: இடது வலது இரண்டையும் சேர்த்து மிதித்தால் பதிவாகவில்லை என்று இந்தப் பதிவைப் படித்த இருவர் எழுதியிருந்தார்கள். சில மேட்டுகள் அம்புக் கட்டங்களை ஜாய்ஸ்டிக்கின் குச்சி மாதிரி கணக்கில் எடுக்கும், எதிரெதிர் திசைகள் ஒன்றையொன்று அடித்துவிடும். வாங்கும்போதே இரண்டையும் சேர்த்து மிதித்துப் பாருங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? பாட்டைத் தேர்ந்தெடுத்ததும் இன்னொரு முறை என்டர் தட்டினால் ஆப்ஷன்ஸ் திறக்கும், அங்கே ரிமூவ் வரிசையில் நோ ஜம்ப்ஸ் இருக்கும், அதைப் போட்டால் இரண்டு கட்டங்களைச் சேர்த்து மிதிக்கிற இடங்களே வராது. அம்மாவுக்கு முழங்கால் தாங்காது என்பதால் நாங்கள் அதை எப்போதும் போட்டே வைத்திருக்கிறோம்.