திமிங்கலம் கரையொதுங்கினால் செய்யக்கூடாதவை

இலங்கையின் கிழக்கே, வாகரையிலிருந்து பொத்துவில் வரை நம் கரை பெரும்பாலும் நேராகத் திறந்து கிடக்கிறது. ஆழ்கடலும் அதிக தூரத்தில் இல்லை. ஆகவே திமிங்கலமோ டொல்பினோ கரையில் வந்து கிடந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சேதி பரவிய கொஞ்ச நேரத்தில் ஊரே கூடிவிடும். எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்றுதான் எல்லோரும் ஓடுகிறார்கள். ஆனால் அந்த அவசரத்தில் செய்யும் பல காரியங்கள் அதன் சாவைத்தான் விரைவுபடுத்துகின்றன.

முதல் தவறு, அதை மீனாக நினைப்பது. மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்துதான் முளைக்கின்றன. திமிங்கலத்துக்குச் செவுள் கிடையாது. நம்மைப் போல நுரையீரலால் காற்றைத்தான் சுவாசிக்கிறது, குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது. இது தெரியாதவர்கள், தண்ணீர் இல்லாமல் மூச்சு முட்டுகிறதாக்கும் என்று வாளி வாளியாகத் தலையில் ஊற்றுவார்கள். தலை உச்சியில் இருக்கும் மூச்சுத்துளைதான் அதன் மூக்கு. அதற்குள் தண்ணீரோ மணலோ போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கரையில் அதைக் கொல்பவை வெயிலும் அதன் சொந்தப் பாரமும்தான். தோலுக்கடியில் தடித்த கொழுப்பு இருப்பதால் உடம்புச் சூடு வெளியேறாது. கடலில் மிதந்து பழகிய உடல் மணலில் கிடக்கும்போது நுரையீரல் நசுங்கும். ஆகவே நனைத்த சாரங்களை முதுகில் விரியுங்கள், மூச்சுத்துளையை மட்டும் மூடாதீர்கள். வாடியில் கிடுகு கிடந்தால் எடுத்து நிழல் கட்டலாம். பக்கத்துடுப்புகளின் கீழ் மணலைத் தோண்டிக் கடல்நீர் ஊற்றினால் பாரமும் சூடும் குறையும்.

பாடசாலைச் சுவர்களில் திமிங்கலம் வரையும்போதும் இதே குழப்பம்தான். தலையில் ஒரு நீரூற்று, மீனுக்குப் போல செங்குத்தாக ஒரு வால்! உண்மையில் மேலே பீறுவது நுரையீரலிலிருந்து வரும் மூச்சுக்காற்று. அதன் ஈரம்தான் வெள்ளைப் புகையாகத் தெரிகிறது. வால் படுக்கைவாட்டில் விரிந்து மேலும் கீழும் அடிக்கும். சித்திரத்தில் பிழை விட்டால் பரவாயில்லை, கரையில் அந்த வாலில் கயிறு கட்டுவதுதான் பெரிய பிழை. கரைவலை இழுக்கும் உழவு இயந்திரம் பக்கத்திலேயே நிற்பதால் அந்த யோசனை உடனே வந்துவிடும். வாலைக் கட்டி இழுத்தால் முதுகெலும்பு விலகும், தோல் மணலில் உரிந்து போகும். கடலுக்குள் பின்பக்கமாக இழுபடும்போது தலை அமிழ்ந்து மூச்சுத்துளைக்குள் தண்ணீர் புகும். துடுப்பைப் பிடித்து இழுப்பதும் கூடாது. வாலருகே நிற்பது உங்களுக்கும் ஆபத்து, ஓரடி பட்டால் எலும்பு முறியும்.

சரி, ஒருமுறை தள்ளிவிட்டால் போய்விடுமா? கூட்டமாக வருபவை அப்படிப் போவதில்லை. 2020 நவம்பர் 2ஆம் திகதி பாணந்துறையில் நூற்றுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. கடற்படையும் ஊர்மக்களும் இரவிரவாகப் பாடுபட்டுத்தான் பெரும்பாலானவற்றை ஆழத்துக்கு அனுப்பினார்கள். சில இறந்துபோயின. இந்த இனம் கூட்டத்தை விட்டுப் பிரியாது. ஆகவே கைவைக்கும் முன் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 இலக்கத்தில் அறிவியுங்கள், கடற்படைக்கும் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை கூட்டத்தை விலக்கி வைத்தால் அதுவே பெரிய உதவி. முதுகில் பிள்ளையை ஏற்றிப் படம் எடுப்பவர்களுக்கு நான் என்ன சொல்ல!

அப்புறம் சுனாமி வதந்தி. 2004க்குப் பிறகு நம் கரையில் கடல் கொஞ்சம் மாறினாலே நெஞ்சு பதறும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஜப்பானில் 2011 மார்ச் நிலநடுக்கத்துக்குச் சில நாள் முன் சுமார் 50 சிறு திமிங்கலங்கள் ஒதுங்கியதை ஆதாரமாகக் காட்டுவார்கள். அதே பகுதியில் 2015 ஏப்ரலில் சுமார் 150 ஒதுங்கியபோதும் பீதி பரவியது, சுனாமி எதுவும் வரவில்லை. நோய், காயம், வழி தவறுதல் எனக் காரணங்கள் பல. கரையில் திமிங்கலம் கிடக்கிறது என்பதற்காகக் குரல்பதிவு அனுப்பி ஊரைக் கிளப்பாதீர்கள்.

செத்துக் கிடந்தாலும் கிட்டப் போக வேண்டாம். நோய்க்கிருமி தொற்றலாம். அழுகும் உடலுக்குள் வாயு சேரும்; 2004 ஜனவரியில் தாய்வானின் தைனான் நகரில் லொறியில் கொண்டு போகப்பட்ட திமிங்கலம் நடுத்தெருவில் வெடித்து, குடல் கடைகள் மேலெல்லாம் சிதறியது. வாசனைத் திரவியத்துக்கு விலைபோகும் அம்பர் கிடைக்குமென்று வயிற்றைக் கிழிப்பதும் வீண்வேலை. அது எண்ணெய்த் திமிங்கலத்தின் குடலில் மட்டும், அதுவும் அபூர்வமாக உண்டாவது. திமிங்கலங்கள் இங்கே சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை, பல்லையோ எலும்பையோ வீட்டுக்குக் கொண்டுபோனால் வழக்குத்தான் மிஞ்சும். எதனால் செத்தது, கப்பல் மோதியா, வலை சுற்றியா, பிளாஸ்டிக் விழுங்கியா என்று பார்க்க வரும் மிருக வைத்தியருக்கும் நாரா எனும் அரச கடல்வள ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்களுக்கும் உடல் முழுதாகக் கிடைக்க வேண்டும். அவர்கள் பார்த்து முடிக்கும் முன் மண் தோண்டும் பெக்கோ இயந்திரத்தைக் கொண்டு வந்து புதைத்துவிடாதீர்கள்.