ஏலகிரியில் மாலை நடை: டார்ச்சை இடுப்பருகே பிடியுங்கள்

மங்கலம் கிராமத்திலிருந்து சுவாமிமலை ஏறி, இறங்கி, புங்கனூர் ஏரிக்கரைக்கு வருவதாக இருந்தால் வழிகாட்டியிடம் முதலில் கேட்க வேண்டியது, எத்தனை மணிக்குத் திரும்புகிறோம் என்பதைத்தான். மார்கழியில் 6 மணிவாக்கில் சூரியன் மறையும். அடுத்த 20–25 நிமிடத்தில் கும்மிருட்டு. அதனால் 5 மணிக்கு உச்சி எட்டாவிட்டாலும் இறங்கத் தொடங்கிவிடுங்கள்.

நெற்றியில் மாட்டும் விளக்கு வசதிதான், ஆனால் கண்ணோடு சேர்ந்தே வெளிச்சம் விழுவதால் கல்லின் நிழல் தெரியாது. பாதை தட்டையாகத் தோன்றி கால் பிசகும். கை டார்ச்சை இடுப்பருகே சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு கல்லும் நீள நிழலோடு எழுந்து நிற்கும். காய்ந்த புல் சறுக்கும், மண் தெரியும் இடத்தில் மிதியுங்கள். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். செருப்பு வேண்டவே வேண்டாம், பொழுது சாய்ந்தால் சுருட்டை விரியன் நடமாடும்.