ஹார்ட்டில்பூலில் ஒரு 'திருகோணமலை': கப்பல் பார்க்கப் போகும் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் வடகிழக்கே நியூகாசில், சண்டர்லேண்ட், மிடில்ஸ்பரோ பக்கம் படிக்க வரும் நம் பிள்ளைகள் லீவு கிடைத்தால் லண்டன், எடின்பரோ என்றுதான் கிளம்புகிறார்கள். ட்ரெயினில் போய் அன்றைக்கே திரும்பிவிடும் தூரத்தில், ஹார்ட்டில்பூலில் எச்எம்எஸ் டிரிங்கோமலி நிற்கிறது. திருகோணமலையின் பெயரைத் தாங்கிய பாய்மரப் போர்க்கப்பல். போகிற சிலரும் மேல்தளத்தில் நாலு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். என் கணக்கில் அதுதான் பெரிய தவறு. மற்றதெல்லாம் டிக்கெட், செருப்பு, மழை விவகாரம்.

கப்பலின் கதையைக் கொஞ்சமாவது தெரிந்துகொண்டு போங்கள். இது இங்கிலாந்தில் கட்டிய கப்பல் இல்லை. பம்பாயில், வாடியா என்ற பார்சி குடும்பத்தார் கட்டியது. 1817 அக்டோபர் 12 அன்று கடலில் இறங்கியது. நெப்போலியனோடு நடந்த நீண்ட போர்களில் இங்கிலாந்தின் ஓக் மரங்கள் தீர்ந்துகொண்டு வந்தன, மலபார் தேக்கோ தாராளமாகக் கிடைத்தது. ஓக்கில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்பு ஆணியை அரித்துவிடும். எண்ணெய்ப்பசை உள்ள தேக்கில் அந்தத் தொல்லை குறைவு, மரமும் சீக்கிரம் உளுத்துப் போகாது. இருநூறு வருடம் கழித்தும் பழைய மரத்தில் பெரும்பகுதி அப்படியே இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கப்பலுக்கான வரைபடங்களை முதலில் ஜாவா என்ற போர்க்கப்பலில் பம்பாய்க்கு அனுப்பினார்கள். வழியில், 1812 டிசம்பரில், பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்காவின் கான்ஸ்டிடியூஷன் என்ற போர்க்கப்பல் ஜாவாவை அடித்து நொறுக்கிவிட்டது. மறுபடி நகல் எடுத்து அனுப்ப வேண்டியதாயிற்று. ஒருவழியாகக் கப்பல் தயாரானபோது சண்டையே முடிந்திருந்தது! இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்ததும் பல வருடங்கள் சும்மாவே கட்டிப்போட்டிருந்தார்கள். 1847-இல்தான் முதல் பணிக்குப் போனது.

அதனால் மேல்தளத்தோடு நிற்காமல் அடித்தளம் வரை இறங்குங்கள். தேக்கு விலா எலும்புகளைப் பக்கத்தில் பார்க்கலாம். வெளியே வந்ததும் முகப்பில் இருக்கும் சிற்பத்தையும் விட்டுவிடாதீர்கள், தலைப்பாகை கட்டிய ஆள் ஒருவர் நம்மைப் பார்த்தபடி இருப்பார்.

இதற்கு நேரெதிரான தவறு ஒன்றும் நடக்கிறது. பெயரைப் பார்த்தவுடன் "தமிழன் கட்டிய கப்பல்" என்று ஸ்டேட்டஸ் போட்டுவிடுவது. 1782-இல் திருகோணமலைக்கு அருகே பிரெஞ்சுக் கப்பற்படையோடு ஆங்கிலேயர் போட்ட சண்டையின் நினைவாக வைத்த பெயர் இது. நம்மைக் கௌரவிக்க யாரும் வைக்கவில்லை. பெருமைப்பட வேண்டுமானால் பம்பாய் தச்சர்களின் கைவேலையைப் பார்த்துப் பெருமைப்படலாம், அதில் பொய் இல்லை.

பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் இறந்த கப்பல் இதுதான் என்று நினைப்பவர்களும் உண்டு. அது விக்டரி. தெற்கே போர்ட்ஸ்மவுத்தில், 1922 முதல் தண்ணீர் வடித்த துறையில் நிற்கிறது. இன்னும் மிதக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் மூத்தது டிரிங்கோமலி. ஹார்ட்டில்பூலில் கப்பல் நிற்கும் துறையைச் சுற்றி இருக்கும் 18-ஆம் நூற்றாண்டுக் கடைத்தெருவும் நிஜமான பழைய தெரு இல்லை, 1990-களில் கட்டிய செட். நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள், ஆனால் அங்கேயே காலையைக் கழித்துவிட்டுக் கடைசியில் அவசரமாகக் கப்பலில் ஏறாதீர்கள். முதலில் கப்பல், அப்புறம் தெரு.

சரி, பயணத்துக்கு வருவோம். டரம் நகரத்திலிருந்து நேர் ட்ரெயின் இருக்கும் என்று நம்பிக் கிளம்பாதீர்கள். ஹார்ட்டில்பூல் கடலோரப் பாதையில் இருக்கிறது, டரம் வேறு பாதை. நியூகாசில் போய் மாற வேண்டும், இல்லாவிட்டால் பேருந்து. ட்ரெயின்கள் அடிக்கடி வருவதில்லை, ஞாயிறு அன்று இன்னும் குறைவு. திரும்பும் நேரத்தைப் போகும்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

ரெயில்கார்டு என்ற ட்ரெயின் கட்டணச் சலுகை அட்டையின் தள்ளுபடியில் டிக்கெட் வாங்கிவிட்டு, கார்டு இருக்கும் போனை சார்ஜ் இல்லாமல் எடுத்துப் போவது விலை உயர்ந்த தவறு. சோதனையில் கார்டைக் காட்ட முடியாவிட்டால் டிக்கெட் செல்லாது என்று சொல்லிவிடுவார்கள். இங்கிலாந்தில் அபராதக் கட்டணம் 100 பவுண்டு, அதோடு அந்தப் பயணத்தின் கட்டணமும் சேரும். 21 நாளுக்குள் கட்டினால் 100 என்பது 50 ஆகும். ஒரு பவர் பேங்க் அதைவிட மலிவு. 16-25 ரெயில்கார்டுக்கு வார நாளில் காலை 10 மணிக்கு முன் குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒன்று உண்டு, ஜூலை, ஆகஸ்ட் மட்டும் விலக்கு. குறுந்தூரப் பயணத்தில் அந்த நேரத்தில் தள்ளுபடியே கிடைக்காமல் போகலாம். எப்படியும் வார நாளில் வகுப்பைக் கட் அடித்துப் போவது சரியில்லை. மாணவர் விசாவில் வருகைப்பதிவு விளையாட்டல்ல.

பாஸ்போர்ட்டை வீட்டிலேயே வையுங்கள். கப்பல் பார்க்க யாரும் கேட்கப்போவதில்லை. மாணவர் அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு, கட்டணச் சலுகை உண்டா என்று கேளுங்கள்.

கப்பலுக்குள் படிகள் கிட்டத்தட்ட ஏணி மாதிரி செங்குத்தானவை. ஹீல்ஸ், வழுக்கும் செருப்பு, தொங்கும் துப்பட்டா, முதுகில் பெரிய பை எதுவும் ஆகாது. இறங்கும்போது படியைப் பார்த்தபடி, பின்புறமாக இறங்க வேண்டும். கீழ்த்தளங்களில் உத்தரம் தாழ்வாக இருக்கும். உயரமானவர்கள் போனைப் பார்த்துக்கொண்டு நடந்தால் நெற்றியில் வாங்குவது உறுதி. வடகடல் காற்றில் குடை நிற்காது. ஜூன் மாதமானாலும் தொப்பி வைத்த மழைக்கோட்டு வேண்டும்.

டிசம்பரில் போகிறவர்கள் மதியம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடக்கூடாது, நாலு மணிக்குள் இருட்டிவிடும். பழைய மரக்கப்பலில் பராமரிப்பு வேலை ஓயாது. எந்தத் தளம் திறந்திருக்கிறது, கடைசி நுழைவு எத்தனை மணிக்கு என்று முதல் நாள் இரவே வலைத்தளத்தில் பாருங்கள். நேரம் மிஞ்சினால் பக்கத்திலேயே ஹார்ட்டில்பூல் நகர அருங்காட்சியகம் இருக்கிறது, நுழைவு இலவசம்.