முக்கோணவியல் கோவைகளைச் சுருக்கும்போது எங்கே வழுக்குகிறது?

சைன்² அ + காஸ்² அ = 1 என்பது எல்லோருக்கும் மனப்பாடம். ஆனாலும் விடை தப்பாகிறது. காரணம், பெரும்பாலும் முக்கோணவியல் அல்ல, இயற்கணிதம்தான். (இங்கே அ, ஆ என்பவை கோணங்கள்.)

(சைன் அ + காஸ் அ) ÷ சைன் அ. இதில் மேலே ஒரு சைன், கீழே ஒரு சைன் என்று இரண்டையும் அடித்துவிட்டு, காஸ் அ என்று விடை எழுதுபவர்கள் ஏராளம். பெருக்கலில் நிற்கும் காரணியைத்தான் அடிக்கலாம். கூட்டலில் நிற்கும் உறுப்பை அடிக்க முடியாது. ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே வகுத்தால் வருவது 1 + காட் அ (காட் என்பது காஸ் ÷ சைன்).

அதே குடும்பத்துத் தவறு, (சைன் அ + காஸ் அ)² = 1 என்பது. நடு உறுப்பு காணாமல் போய்விட்டது. சரியான விடை 1 + 2 சைன் அ காஸ் அ. சைன் (அ + ஆ) என்பதைச் சைன் அ + சைன் ஆ என்று பிரிப்பதும் இப்படித்தான். 30°, 60° போட்டுப் பாருங்கள்: இடப்பக்கம் சைன் 90°, அதாவது 1, வலப்பக்கம் 0.5 + 0.866 = 1.366.

இவற்றைவிட நைசாக ஏமாற்றுவது வர்க்கமூலம். √(1 − சைன்² அ) = காஸ் அ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதக்கூடாது. அ = 120° என்றால் சைன்² அ = 0.75, ஆகவே வர்க்கமூலம் 0.5. ஆனால் காஸ் 120° = −0.5. வர்க்கமூலக் குறி எதிர் எண்ணைத் தராது. எனவே விடை காஸ் அ-வின் மட்டு மதிப்பு, அதாவது எதிர்க்குறியை நீக்கிய மதிப்பு. குறுங்கோணம் என்று கணக்கிலேயே சொல்லியிருந்தால் கவலையில்லை. சொல்லாவிட்டால் கோணம் எந்தக் கால்வட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துத்தான் குறியை முடிவுசெய்ய வேண்டும்.

சைன்⁻¹ என்பதைக் கோசீக் (1 ÷ சைன்) என்று படிக்க வேண்டாம்: முன்னது கோணம், பின்னது விகிதம். குறியீடு வைத்தவர்கள்மேலும் கொஞ்சம் பழி உண்டு, சைன்² என்றால் வர்க்கமாம், சைன்⁻¹ என்றால் மட்டும் தலைகீழ் இல்லையாம்!

'நிரூபி' என்ற கணக்கில், நிரூபிக்க வேண்டியதையே உண்மை என்று வைத்துக்கொண்டு இரு பக்கமும் வர்க்கப்படுத்தக்கூடாது. அப்படிச் செய்தால் சைன் அ = −சைன் அ என்பதுகூட 'நிரூபணம்' ஆகிவிடும். சிக்கலான பக்கத்தை மட்டும் எடுத்து, சைன், காஸில் எழுதி, மறுபக்கத்தை நோக்கி நகர்த்துங்கள்.

ஒரு கோணத்தைப் போட்டுச் சரிபார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் 45° வேண்டாம். அங்கே சைனும் காஸும் சமம், டேன் 1, தவறுகள் ஒளிந்துகொள்ளும். 1 + டேன்² அ = கோசீக்² அ என்று தப்பாக எழுதியிருந்தாலும் 45°-இல் இரு பக்கமும் 2 வரும். 30° போட்டால் இடப்பக்கம் 4/3, வலப்பக்கம் 4, குட்டு உடைந்துவிடும். மூலக்குறி இருக்கும் கணக்கில் 30° போதாது, 120°-ஐயும் போட்டுப் பாருங்கள்.